"அனுமதி எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்": ஹப்புத்தளைப் பக்கம் ஒரு ஜெனரேட்டர் வேலை

மெஷினுக்கு ஐந்தில் நாலு, வயரிங்குக்கு ஐந்துக்கு ஐந்து, கந்தோர் வேலைக்கு ஐந்தில் இரண்டரை. நான் போடும் மார்க்ஸ் இவ்வளவுதான். ஜெனரேட்டரைப் பொருத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களோடு ஒரு கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது, அது தீராமல் பெயர் போட்டு எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தேவைப்படுபவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

நாங்கள் ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் ஏழு அறைகளோடு ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். வீடும் அதே வளவில்தான். டவுன் எல்லைக்கு வெளியே, பிரதேச சபைப் பகுதி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். மூன்று பேஸ் கரண்ட், கூரையில் சோலார் தகடுகள், கீழே கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்ற ஒரு மோட்டார், சமையலறையில் இரண்டு பெரிய ஃப்ரீஸர். கரண்ட் போனால் முதலில் தண்ணீர் நிற்கும், அப்புறம் சுடுதண்ணீர் கேட்டு வெள்ளைக்காரர்கள் துவாயோடு வெளியே வந்து நிற்பார்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு வந்தபோது எங்களிடம் ஒரு சின்ன பெற்றோல் ஜெனரேட்டர் இருந்தது. அதற்கு ஊற்றப் பெற்றோல்தான் இல்லை. கேனைத் தூக்கிக்கொண்டு போனால் பெற்றோல் செட்டில் அடித்துத் தரவில்லை. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று ஏறி நாடு முழுக்கக் கரண்ட் போன அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சிரித்துச் சமாளித்தோம். அதே வருஷம் நவம்பரில் டித்வா புயல் வந்தபோது சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. மண் சரிந்து, ரோடு உடைந்து, கம்பங்கள் சாய்ந்து கிடந்த மலைநாட்டில் கரண்ட் எப்போது வரும் என்று கேட்கக்கூட ஆளில்லை. சாமான் வாங்கி வைத்து ஓட்டும் ஆட்டம் போதும், நிலையாக ஒரு ஜெனரேட்டரைப் பொருத்திவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். நானும் சரி என்றேன்.

கொட்டேஷன் எடுத்த இடங்களில் இவர்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அந்த ஒரு வரிதான்: "அனுமதிகள் உட்பட முழுச் சேவை." அதற்கென்று தனியாக ஒரு தொகையும் போட்டிருந்தார்கள். இந்த வரியை இப்போது நிறையப் பேர் போடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜெனரேட்டர் அனுமதி என்று ஒரே ஒரு தாள் எங்கேயும் கிடையாது. ஒரு கந்தோரில் கட்டணம் கட்டி, முத்திரை குத்தி வாங்கிச் சுவரில் மாட்டுகிற விஷயமில்லை இது. மெஷினை வைக்க மேடை கட்டினால் அது பிரதேச சபையின் விஷயம். மேட்டை வெட்டினால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் விஷயம். சத்தமும் புகையும் சுற்றாடல் சட்டத்தின் கீழ் வரும். வயர் கரண்ட் மீட்டர் பக்கம் போகிறது என்றால் மின்சார சபை. வருகிறவர்களிடம் காசு வாங்கி அறை கொடுக்கிறவர்களுக்கு, அறை எண்ணிக்கையைப் பொறுத்து, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் உண்டு. ஆகவே "அனுமதி உட்பட" என்று யாராவது சொன்னால் எந்தத் தாள், எந்தக் கந்தோர், யார் பெயரில் என்று கேளுங்கள். நான் கேட்டேன். விற்பனைக்கு வந்த தம்பி, "அக்கா, அதெல்லாம் நாங்கள் செய்து தருவோம்" என்றார். அதே கேள்வியை எழுதிக் கொடுத்துப் பதிலையும் எழுதித் தரச் சொன்னபோதுதான் பட்டியல் ஒன்று வந்தது. அதில் பாதி எங்கள் தலையில் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு நல்லதையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தத்தை முதலில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் கொண்டுவந்தார்கள். தமிழில் தராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். முணுமுணுக்காமல் தமிழில் அடித்துக் கொடுத்தார்கள், அதுவும் படித்தால் புரிகிற தமிழில். அரசாங்கக் கடிதங்களையே அகராதி வைத்துக்கொண்டு படிக்கிற நமக்கு இது பெரிய விஷயம்.

மேடையில் ஆரம்பிக்கிறேன். 15 கே.வி.ஏ. டீசல் மெஷின், சத்தம் அடக்கும் பெட்டியோடு, 600, 700 கிலோ வரும். அதை மண்ணில் வைக்க முடியாது, கொங்கிரீட் மேடை வேண்டும். எங்கள் வளவில் சமதரை கிடையாது. மேடைக்கு இடம் எடுக்க வேண்டுமென்றால் பின்பக்க மேட்டைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாதிரி மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட வேலைக்கு என்.பி.ஆர்.ஓ. என்று நாம் சொல்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கேட்பார்கள். ஜெனரேட்டர் மேடைக்கெல்லாமா என்று சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனது எங்கள் வீட்டிலிருந்து அவ்வளவு தூரமில்லை. வெட்டிய மேட்டில் மழைத் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த வேலையை ஜெனரேட்டர் நிறுவனம் செய்யவில்லை. வரைபடம் போட்டுத் தந்தார்கள், அவ்வளவுதான். விண்ணப்பம் கொடுத்தது, இடம் பார்க்க வந்த உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு போய் மேட்டைக் காட்டியது, பிரதேச சபை டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஐயாவிடம் வரைபடத்தைக் கொடுத்து விளக்கியது எல்லாம் நாங்கள்தான். வந்த உத்தியோகத்தர் மேட்டை வெட்டாமல் களஞ்சிய அறைக்குப் பின்னால் ஏற்கனவே இருக்கும் தட்டையான இடத்தைப் பாருங்கள், தண்ணீர் வடிய கான் ஒன்று போடுங்கள் என்றார். அந்த ஒரு பேச்சில் எங்களுக்குப் பெரிய செலவு மிச்சம். நிறுவனத்தின் ஆட்கள் முதல் நாள் வந்தபோதே அந்த இடத்தைக் கவனித்திருக்கலாம். லொறி வந்து நிறுத்த வசதி என்பதற்காக முன்பக்கத்தையே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முன்பக்கம் சரிவராததற்கு இன்னொரு காரணம் சத்தம். இதுதான் இந்த மாதிரி வேலைகளில் எல்லாரும் கடைசியில் யோசிக்கிற விஷயம், முதலில் யோசிக்க வேண்டியதும் இதுதான். 1996ஆம் ஆண்டுச் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதி என்றால் குறைந்த சத்தப் பகுதி. சத்தம் வருகிற காணியின் எல்லையில் வைத்து அளந்தால் பகலில் 55 டெசிபெல், இரவில் 45, அதற்கு மேல் போகக்கூடாது. நகர சபை, மாநகர சபைப் பகுதி என்றால் 63, 50. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் என்றால் பகலிலும் 50தான். இரவு என்று அவர்கள் சொல்வது மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை. கரண்ட் போய் நாம் ஜெனரேட்டரைப் போடுகிற நேரமே பெரும்பாலும் அதுதானே!

இப்போது கணக்கைப் பாருங்கள். எங்கள் மெஷினின் தாளில் 7 மீட்டர் தூரத்தில் 68 டெசிபெல் என்று போட்டிருக்கிறது. "சைலன்ட் ஜெனரேட்டர்" என்றுதான் விற்கிறார்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும். 14 மீட்டரில் 62, 28 மீட்டரில் 56, 56 மீட்டர் போனாலும் 50. அதாவது சைலன்ட் என்று வாங்கிய மெஷின், ஐம்பது மீட்டருக்கு அப்பாலும் இரவு அளவைத் தாண்டி நிற்கிறது. அவர்கள் முதலில் காட்டிய இடத்திலிருந்து பக்கத்து வேலி 12 மீட்டர்கூட வராது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருக்கிறார், ஊரெல்லாம் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவருக்கு எட்டு மணிக்குத் தூக்கம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மாஸ்டரின் முகத்தில் நாளைக்கு நான் எப்படி முழிப்பது?

இதை விற்பனைத் தம்பியிடம் சொன்னபோது, "இங்கே யார் அக்கா அளக்க வருவார்கள்?" என்றார். அந்தப் பதிலுக்குத்தான் முழுதாக ஒரு மார்க் குறைத்தேன். பிறகு வந்த டெக்னீஷியன் வேறு ஜாதி. ஃபோனில் ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு, "இது சரியான மீட்டர் இல்லை அக்கா, ஆனால் வித்தியாசம் தெரியும்" என்று சொல்லி, வளவைச் சுற்றி நடந்தார். களஞ்சியத்துக்குப் பின்னால் வைத்தால் தேயிலைப் பக்க எல்லை 40 மீட்டர் தள்ளி இருக்கிறது, மாஸ்டர் பக்கத்துக்குக் களஞ்சியமே சுவராக நிற்கிறது, மற்றப் பக்கத்தில் புளொக் கல்லில் மெஷினை விட உயரமாக ஒரு சுவர் எழுப்பினால் அளவுக்குக் கிட்ட வரும் என்றார். புகைபோக்கியை மேலே திருப்பி, பெரிய சைலன்ஸர் போட்டார்கள். சுவர் எங்கள் செலவு. ஆனால் யோசனை அவருடையது, அதற்கு நன்றி.

தூரத்தைப் பற்றி இன்னொரு விஷயம். வீட்டுக்காரரின் அண்ணன் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் வீட்டில் வைத்திருப்பது குழாய் வாயுவில் ஓடுகிற மெஷின். அவன் ஊரில் மின்சாரத்துக்கு ஒரு அனுமதி, வாயுக் குழாய்க்கு ஒரு அனுமதி, வேலை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓட்டலாம். அங்கே ஜன்னல், கதவு மாதிரித் திறப்புகளிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி வைக்க வேண்டும் என்பது என்.எஃப்.பி.ஏ. 37 என்ற தரத்தில் இருக்கிறதாம். இங்கே நமக்கு அப்படி ஒன்று கட்டாயமோ இல்லையோ, கார்பன் மொனொக்சைட்டுக்கு நாட்டு வித்தியாசம் தெரியாது. நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும். நிறுவனத்தின் ஆட்கள் முதலில் காட்டிய இடம் கீழ் அறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்கு நனையக்கூடாது என்று சமையலறைச் சாய்ப்புக்குள் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து இன்றைக்கே வெளியே எடுங்கள்.

அடுத்தது வயரிங். ஐந்துக்கு ஐந்து போட்ட பகுதி.

மின்சார சபையின் லைனும் ஜெனரேட்டரும் ஒரு நொடிகூடச் சேரக்கூடாது. சேர்ந்தால் நம் வீட்டிலிருந்து போகிற 230 வோல்ட், ட்ரான்ஸ்போமரில் திரும்பி ஏறி, கம்பத்தில் லைன் செத்துவிட்டது என்று நம்பி ஏறி நிற்கிற மனிதனைத் தூக்கி அடிக்கும். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரைச் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற வித்தையை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். செய்கிறவர்களுக்கு அது சாமர்த்தியம். புயலுக்குப் பிறகு நமக்காக மழையில் கம்பம் ஏறியவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இவர்கள் போட்டது சபை லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் தானாக மாறுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் விழுந்தால்தான் மறுபக்கம் பிடிக்க முடியும்படி உள்ளே இரும்பிலேயே பூட்டு இருக்கிறது. மூன்று பேஸோடு நியூட்ரலையும் சேர்த்து நாலு முனையும் மாறுகிறது. நியூட்ரலும் கழன்றுவிடுவதால் ஜெனரேட்டர் ஓடும்போது அதன் நியூட்ரலைத் தனியாக எர்த் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் கசிந்தால் விழுகிற ட்ரிப் சுவிட்ச் இருந்தும் இல்லாததுதான். டெக்னீஷியன் தம்பி இதைச் சொன்னதோடு நிற்கவில்லை. "சுவிட்சில் இருக்கிற டெஸ்ட் பொத்தானை நம்பாதீங்க அக்கா, எர்த்தே இல்லாவிட்டாலும் அது விழும்" என்று சொல்லி, டெஸ்டர் கருவியைப் பிளக்கில் மாட்டி, ஜெனரேட்டர் ஓடும்போது ஒவ்வொரு அறையிலும் ட்ரிப் ஆகிறதா என்று பார்த்தார். ஒரு குளியலறை லைன் ட்ரிப் ஆகவில்லை. பழைய வயரிங்கில் எர்த் கம்பி எங்கேயோ விட்டுப் போயிருந்தது. அவர்கள் வேலையே இல்லை அது, ஆனாலும் சுவரைத் திறந்து சரிசெய்துவிட்டுத்தான் போனார்.

சோலார் இருக்கிறவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் படியுங்கள். கூரை இன்வேர்ட்டர் சபையின் கரண்டைப் பார்த்துத்தான் ஓடும், கரண்ட் போனால் நின்றுவிடும். ஆனால் ஜெனரேட்டரின் கரண்டைப் பார்த்து, சபைதான் வந்துவிட்டது என்று நினைத்து அது ஓட ஆரம்பித்தால், வெயில் நேரத்தில் வீட்டுக்குத் தேவையானதை விட அதிகமாகத் தள்ளி ஜெனரேட்டரையே பின்னுக்கு அடிக்கும். இவர்கள் இன்வேர்ட்டர் லைனைக் கழற்றி, சேஞ்ச் ஓவருக்கு முன்னால், மீட்டர் பக்கமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது சோலார் சும்மா கிடக்கும். நட்டம்தான், ஆனால் மெஷின் பிழைக்கும். வேறு இரண்டு கொட்டேஷன்களில் சோலார் என்ற சொல்லே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லைன் எப்படிப் போகிறது என்ற ஒற்றைக் கோட்டு வரைபடத்தோடு மின்சார சபையின் ஏரியா கந்தோருக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். வரைபடம் அவர்களுடையது, கடிதம் என்னுடையது. பெற்றுக்கொண்டதாகத் தேதி முத்திரை வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன். நாளைக்கு எங்கள் பக்கத்து லைனில் யாருக்காவது ஏதாவது நடந்தால் முதல் கேள்வி ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களிடம்தான் வரும்.

மெஷினுக்கு ஏன் நாலு? ஓட்டம் நல்ல ஓட்டம், ஸ்டார்ட் ஆகத் தயங்கவில்லை. ஆனால் 15 கே.வி.ஏ. என்று தகட்டில் அடித்திருப்பது தாழ்நிலத்துக் கணக்கு. 0.8 பவர் ஃபேக்டரில், அதாவது உண்மையில் வேலைக்கு உதவுகிற பங்கில், அது 12 கிலோவாட். டர்போ இல்லாத என்ஜின் மேலே போகப் போகக் காற்று போதாமல் 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 சதவீதம் பலம் இழக்கும். எங்கள் உயரத்தில் பத்தேகால் கிலோவாட்டை நம்பலாம், அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது. அதையும் மூன்று பேஸுக்குப் பிரித்தால் ஒரு பேஸுக்கு ஏறக்குறைய மூன்றரை. இரண்டு கீஸர் ஒரே பேஸில் விழுந்தால் முடிந்தது கதை. கொட்டேஷனில் இந்தக் கழிவு எங்கும் இல்லை. கேட்ட பிறகுதான் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், கீஸர்களையும் மோட்டாரையும் பேஸ் மாற்றிப் பிரித்தார்கள். நுவரெலியாப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கழிவு இதைவிடக் கூடும், குளிர் நாட்களில் ஸ்டார்ட் ஆக என்ஜின் ஹீட்டரும் தேவைப்படும்.

நம்மூரில் காற்றடித்தால் லைன் கண் சிமிட்டும். அதற்கெல்லாம் மெஷின் ஸ்டார்ட் ஆகாதபடி தாமதத்தைக் கூட்டி வைக்கச் சொன்னேன், செய்து கொடுத்தார்கள். சும்மா லோட் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் புகைபோக்கியில் கரி பிடிக்கும், ஓட்டினால் லோடோடு ஓட்டுங்கள் என்று எழுதியே ஒட்டிவிட்டுப் போனார்கள். மாற்றின பழைய ஒயிலையும் கேனில் அடைத்து அவர்களே எடுத்துப் போகிறார்கள். சுற்றாடல் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது ஒயிலை என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள், அப்போது காட்ட அந்த ரசீதுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இனி பாக்கிக் கணக்கு. அனுமதி வேலைகள் என்று அவர்கள் போட்ட தொகையில் வரைபடங்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டேன். மண்சரிவுச் சிபாரிசு, பிரதேச சபை, மின்சார சபைக் கடிதம் எல்லாம் நாங்களே அலைந்து முடித்ததால் அந்தப் பங்கைக் கழிக்கச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார்கள், எழுதி வாங்கிய பட்டியலைக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கத்தில் மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: இரவில், முழு லோடில், காணியின் நாலு எல்லையிலும் ஒழுங்கான மீட்டரால் அளந்து கையெழுத்திட்ட சத்த அறிக்கை. ஃபோன் ஆப் கணக்கு எனக்குப் போதாது. மீட்டர் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்கிறார்கள். வரட்டும். கடைசித் தவணைச் செக்கை எழுதி, தேதி போடாமல் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.